குடத்தை ஏன் வெட்டினீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த கிரேக்கச் சிற்பக் கட்டுரைல "கிரேக்கர்களுக்குப் பெண் தெய்வம்னாலே நிர்வாணம்தான்"னு ஒரு வரி. மனசு கேக்கல, அதான் எழுதுறேன். உங்களுக்குத் தெரியாததில்ல, அங்க பல நூறு வருஷமா ஆம்பளை சிலைதான் துணியில்லாம நின்னுச்சு, பெண் சிலைக்கெல்லாம் துணி உண்டு, அதீனாங்கிற பெண் தெய்வத்த யாராவது அப்படி செதுக்கியிருக்காங்களா? கி.மு. 350 வாக்குல பிராக்ஸிடெலஸ்ங்கிற சிற்பி காதல் தெய்வமான அப்ரோடைட்டிய துணியில்லாம செதுக்கினதுதான் பெரிய திருப்பமே. துணி போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணுன்னு ரெண்டு சிலைய விலைக்கு வெச்சாராம், கோஸ் தீவுக்காரங்க துணி போட்டத எடுத்துக்கிட்டாங்க, மத்தத க்னிடோஸ் ஊர்க்காரங்க வாங்கினாங்கன்னு பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்காரு. அப்புறம் நிகோமெடிஸ் ராஜா அந்த ஊர்க் கடனையே அடைக்கிறேன், சிலையக் குடுங்கன்னு கேட்டும் குடுக்கலையாம். எப்பவும் இருந்த வழக்கம்னா கோஸ்காரங்க ஏன் தயங்கணும்?

அதவிட அந்தக் கட்டுரையோட போட்ட அப்ரோடைட்டி சிலைப் படம். அது வாடிகன்ல இருக்கிற ரோமானியக் காப்பி, மூலச்சிலை அழிஞ்சு எவ்வளவோ காலமாச்சு, நீங்க "பிராக்ஸிடெலஸ் செதுக்கியது"ன்னு போட்டுட்டீங்க. சரி, அதுகூடப் போகட்டும். இடது கைல துணியப் புடிச்சிருக்கா, அதுக்குக் கீழ தண்ணிக் குடம் இருக்கு, குளிக்கிற நேரம்னு அத வெச்சுத்தானே புரியும்? அந்தப் பக்கத்தையே வெட்டிட்டு வெறும் உடம்ப மட்டும் போட்டா பாக்கறவங்க என்னன்னு நினைப்பாங்க?

நான் டிராயிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஒருதடவை கிளாஸ்ல வீனஸ் டி மைலோங்கிற, கை உடைஞ்ச கிரேக்கப் பெண் தெய்வச் சிலையோட படம் ஒட்டி, இடுப்புத் துணி மடிப்ப வரையச் சொன்னேன், அந்தச் சிலையோட ரெண்டு கல்லை அந்த மடிப்புகிட்டதான் சேர்த்திருக்காங்கன்னு சொன்னதும் பிள்ளைங்க எழுந்து கிட்ட வந்து ஜாயின்ட் எங்கன்னு தேடுச்சுங்க, ஒண்ணுகூட சிரிக்கல. மேலிடத்துலதான் அசிங்கம்னு படத்தக் கிழிச்சாங்க. அந்த வலி இன்னும் இருக்கு, அதனாலதான் உங்க வரி இவ்வளவு சுட்டுது.

அதே வீனஸ் டி மைலோ சிலைய உங்க பழைய இதழ் ஒண்ணுல கையில்லாமலே செதுக்கினதுன்னு போட்டப்பவும் எழுதினேன், 1820ல மிலோஸ் தீவுல கிடைச்சப்ப கைத் துண்டுகளும் சேர்ந்து கிடைச்சுதுன்னு. பதிலே வரல. இத்தன வருஷமா வாங்கிப் படிக்கிற வீட்டுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா ஐயா?

அடுத்த இதழ்ல அந்தப் படத்த முழுசா, குடம் தெரியற மாதிரி, கீழ மியூசியம் பேரோட போடுங்க. அது போதும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி