பந்து தட்டத் தெரியாமல் என்ன கூடைப்பந்து?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைப் பயிற்சி முகாம்கள் பற்றி ஞாயிறன்று வந்த கட்டுரையைப் படித்தேன். உயரமான பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தால் போதும், பந்து தட்டுவதையெல்லாம் பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். நெடுங்காலமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்பதால் மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகள், மறுநாளே தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுக்கும் த்ரீ பாயின்டர் போட வேண்டும் என்பார்கள். நான் விடமாட்டேன். முதலில் உள்ளங்கை படாமல் விரல்களால் தட்ட வேண்டும். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பந்து இடுப்புக்கு மேலே எழக்கூடாது. முக்கியமாக, கண் பந்தில் இருக்கக்கூடாது. எதிரே நின்று விரல்களைக் காட்டுவேன்; தட்டிக்கொண்டே எத்தனை என்று சொல்ல வேண்டும். அப்புறம் இடது கை. இதற்குத்தான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் வலது கை மட்டும் பழகியவனை எதிரணிக்காரன் சீக்கிரமே கண்டுகொண்டு, இடது பக்கமாகவே மடக்கிவிடுவான்.

உயரமான பையன் வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுத்துத் தரையில் தட்டியதும், குட்டையான பையன் பறித்துக்கொண்டு ஓடுவதை எத்தனையோ ஆட்டங்களில் பார்த்தவன் நான். உயரமானவன் கையிலிருந்து பந்து தரைக்குப் போய்த் திரும்ப அதிக தூரம். அவனுக்குத்தான் இந்தப் பழக்கம் கூடுதலாக வேண்டும்.

கட்டுரையோடு வந்த படத்தில் சின்னக் குழந்தையின் கையில் ஏழாம் எண் பந்து! அது ஆண்கள் ஆடும் பந்து, சுமார் 600 கிராம் எடை. பெண்களுக்கே ஆறாம் எண்தான், சிறுவர்களுக்கு ஐந்தாம் எண். சிறுவர்கள் ஆடும் மினி பாஸ்கெட்பாலில் வளையமும் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்காது, 2.60 மீட்டரில் இருக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல. பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை உள்ளங்கையால்தான் அறையும். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

காசு வாங்கும் முகாம்களிலேயே பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பந்து. பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடுகிறது. பள்ளிகளிலோ பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. வெளியிடுவதும் விடுவதும் உங்கள் உரிமை. எனக்கு வருத்தம் மட்டும்தான். 2021-இல் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் முன்னாள் கேப்டன் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது பெரிதாகச் செய்தி போட்டீர்கள், சந்தோஷப்பட்டேன். அவரைப் பார்த்து ஆட வந்த பெண் பிள்ளைகளின் மாவட்டப் போட்டி முடிவுகள்கூட உங்கள் பக்கங்களில் வருவதில்லை.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். முகாம் அறிவிப்புகளை வெளியிடும்போது, எந்த வயதுக்கு எந்த எண் பந்து, பிள்ளைக்கு ஒரு பந்து கிடைக்குமா என்று விசாரித்து ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பெற்றோர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேனி மாவட்டம்