கேமரா இருக்கிறது, பதிவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால் 'கேமரா பொருத்துங்கள்' என்று கோரிக்கை கிளம்புவது வழக்கமாகிவிட்டது. அதற்கான உத்தரவு 2020 டிசம்பர் 2-ஆம் தேதியே வந்தாயிற்று. பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, நிலையத்தின் பின்புறம் என்று இடம் இடமாகச் சொல்லி, இருட்டிலும் படம் பிடிக்கிற, ஒலியையும் பதிகிற கேமரா வேண்டும் என்றது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அத்தனை கொள்ளளவுக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

உத்தரவு சறுக்குவது ஹார்டு டிஸ்கில்தான். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி ஆகும். 15 கேமரா என்றால் 324 ஜிபி. ஒரு டெராபைட் (1,000 ஜிபி) டிஸ்க் மூன்றே நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே புதியது ஏறத் தொடங்கும். 18 மாதத்துக்குச் சுமார் 175 டெராபைட் தேவை. சுருக்கிப் பதியும் புதிய முறையில் இது பாதியாகலாம். அப்போதும் கடையில் வாங்கி மாட்டும் சாதாரண டிவிஆர் (கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டி) தாங்காது. டெண்டரில் பார்க்க வேண்டியது இந்த டெராபைட் கணக்கைத்தான்.

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் டிஸ்க் நிரம்பும் வரைகூடக் காத்திருக்கவில்லை. 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த பின் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது: ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அவர்கள் தாக்கப்பட்ட ஜூன் 19 இரவின் காட்சி இல்லை. அன்று பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். எல்லா நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பாரா?

சாதாரணக் கொலையில் தடயத்தைக் கைப்பற்றுவது போலீஸ். இங்கே தடயப் பெட்டியே குற்றம் சாட்டப்படுபவரின் அறையில் இருக்கிறது. அரசே செய்யும் குற்றத்தைக் குற்றவியல் ஆய்வுத்துறை தனியாக வைத்து ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே தீர்ப்பின்படி, காவலில் பலத்த காயமோ மரணமோ நேர்ந்தால் மாநில மனித உரிமை ஆணையத்திலோ மனித உரிமை நீதிமன்றத்திலோ புகார் தரலாம். அவை பதிவை உடனே வரவழைக்கலாம். குடும்பத்தார் முதல் நாளே மனு கொடுத்துவிட வேண்டும். 'சிசிடிவி வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தெந்த கேமரா என்று குறிப்பிட்டு, டிவிஆர் பெட்டியோடு கைப்பற்றித் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்பதை மகஜரில் (கைப்பற்றும்போது எழுதும் பதிவுப் பத்திரத்தில்) எழுத வைப்பது முக்கியம். விட்டால் குறுக்கு விசாரணையில் அதுவே ஓட்டையாகும். நகல் என்றால் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு), மின்னணுச் சாட்சியத்துக்கான பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். மரண விசாரணையை வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) நடத்தினால் போதாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196(2) பிரிவு நீதித்துறை நடுவரைத்தான் சொல்கிறது.

2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் இறந்த மடப்புரம் கோயில் காவலாளி விஷயத்தில், அடி விழுந்தது நிலையத்துக்கு வெளியே. ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த காட்சிதான் வெளியே வந்தது. கேமரா பெருகப் பெருக அடி தோப்புக்கும் மண்டபத்துக்கும் இடம் மாறும். அங்கே கேட்க வேண்டியவை நிலையப் பொது நாட்குறிப்பு, வாகன லாக்புக், விசாரித்த தனிப்படைப் போலீஸாரின் செல்போன்கள் எங்கெங்கே இருந்தன என்று காட்டும் கோபுர விவரம்.

பதிவைப் பாதுகாக்கக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று நிலைய வாசலில் உள்ளூர் மொழியிலும் பெரிதாக எழுதி வைக்கச் சொல்கிறது தீர்ப்பு. தங்கள் செய்தியாளர்கள் மாவட்டந்தோறும் அந்தப் பலகை இருக்கிறதா, டிஸ்க் எத்தனை டெராபைட் என்று விசாரித்து வெளியிட வேண்டுகிறோம்.

– காவல் சித்திரவதை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர், மதுரை