பிள்ளைக்கென்று ஒரு சட்டத்தரணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் துஷ்பிரயோகச் செய்தி ஒன்று வந்தால், சந்தேகநபர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார் என்பதோடு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பிள்ளை அதன் பிறகு யாரிடம் வளரப்போகிறது, அதை முடிவு செய்யும்போது பிள்ளைக்காக யார் பேசுகிறார்கள் என்று கேட்பதற்கே இதை எழுதுகிறேன்.

சந்தேகநபருக்குச் சட்டத்தரணி இருக்கிறார். வசதியுள்ள பெற்றோரும் ஒருவரை அமர்த்திக்கொள்வார்கள். மேல் நீதிமன்றில் வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணி அரசுக்காக வாதாடுபவர். பிள்ளைக்காக மட்டும் எழுந்து நிற்கப் பெரும்பாலும் ஆளில்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை கொடுக்கிறாரே என்பார்கள். சரி, ஆனால் அவர் பிள்ளையின் சட்டத்தரணி அல்ல. அவருடைய பரிந்துரை ஒன்று, பிள்ளையின் விருப்பம் வேறொன்று என்றால் அதை நீதவானிடம் யார் சொல்வது?

சிறுவர் இல்லம் ஒன்றில் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த நாட்களில், அங்கே ஒரு சிறுமி இருந்தாள். ஆண்பிள்ளைகளின் இல்லம் வேறு என்பதால் தம்பியைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். "தம்பியை எங்கை விட்டிருக்கினம் ரீச்சர்?" என்று என்னைக் கண்டதும் கேட்பாள். பருத்தித்துறையில் அவர்களுக்கு அம்மம்மா இருந்தார். இரண்டு பேரையும் வைத்துப் பார்க்க விரும்பினார். தகுந்த ஆள் ஒருவரிடம், அவர் உறவினராக இருந்தாலும், பிள்ளையை ஒப்படைக்க 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அப்படி ஓர் அம்மம்மா இருப்பதை நீதிமன்றில் எவரும் சொல்லவில்லை. பிள்ளைக்கென்று ஒரு சட்டத்தரணி இருந்திருந்தால் முதல் தவணையிலேயே சொல்லியிருப்பார்.

பிள்ளை தன்னைப் பாதிக்கும் வழக்கில் நேரடியாகவோ பிரதிநிதி மூலமாகவோ கருத்துச் சொல்லலாம் என்கிறது சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், பாரதூரமான அநீதி ஏற்படுமானால் அரச செலவில் பிள்ளைக்குச் சட்ட உதவி என்கிறது. அதுவும் குற்றவியல் வழக்குகளுக்கு மட்டும். புறக்கணிக்கப்பட்ட பிள்ளையை எங்கே வைப்பது என்ற பராமரிப்பு வழக்கு அதற்குள் வராது. நமக்கு அந்தப் பழைய கட்டளைச் சட்டத்தை விட்டுப்போன ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் 1989இல் புதுச் சட்டம் செய்தார்கள். அங்கே பராமரிப்பு வழக்கு வந்தால் பிள்ளைக்கென்று ஒரு பாதுகாவலரும் சட்டத்தரணியும் நியமிக்கப்படுகிறார்கள். நாம் இன்னமும் 1939ஐத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம்.

புதுச் சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இயங்குகிறது. சிறுவர் வழக்குகளுக்கென்று பயிற்சி பெற்ற சட்டத்தரணிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றை அது இங்குள்ள சட்டத்தரணிகளோடு சேர்ந்து தயாரிக்கட்டும். அவர்கள் வழக்குக்கு ஒருவராக முறை வைத்து வரட்டும். தவணைக்கு முன்பே அந்தச் சட்டத்தரணி பிள்ளையைத் தனியே சந்திக்க வேண்டும்; நீதிமன்ற வாசலில் ஐந்து நிமிடம் பேசினால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. அப்புறம், ஒரு பிள்ளையின் வழக்கு முடியும்வரை அதே சட்டத்தரணியே வர வேண்டும். நடந்ததைப் புதுப்புது ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் கொடுமைதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.