சென்னை பார்க்க வரும் தென்மாவட்டக் குடும்பங்களுக்கு: தாம்பரத்தில் தங்குங்கள்

அன்புள்ள மதுரை, நெல்லை, நாகர்கோவில் பக்கத்துச் சொந்தங்களே,

லீவு விட்டதும் பிள்ளைகளோடு சென்னைக்கு வருகிறீர்கள். வந்த கையோடு பெரியமேட்டிலோ திருவல்லிக்கேணியிலோ தி.நகரிலோ அறை தேடி அலைகிறீர்கள். ஊருக்கு நடுவே தங்கினால்தான் எல்லாம் கைக்கெட்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தாம்பரத்தில் குடியிருப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அது அவசியமில்லை.

2023 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தை அடுத்துள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தெற்கேயிருந்து வரும் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ரயிலென்றாலும் எழும்பூருக்கு முன்பே தாம்பரம் வந்துவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில் பெட்டி படுக்கையோடு இன்னும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் போவானேன்? இங்கேயே இறங்கி, குளித்து, பிள்ளைகளை ஒரு மணி நேரம் தூங்கவிட்டுக் கிளம்புங்கள்.

நீங்கள் பார்க்க நினைக்கும் சென்னையில் பாதி, தாம்பரம் – பீச் ரயில் பாதையை ஒட்டித்தான் இருக்கிறது. 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. கிண்டியில் இறங்கினால் சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. கூட்டத்தில் இடிபட மனமில்லை என்றால் தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் வேளச்சேரி வண்டிக்கு மாறினால் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை. பார்த்தசாரதி கோயில், மெரினா, கபாலீசுவரர் கோயில் மூன்றும் அந்த ஒரு வண்டியிலேயே முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் வேறு. தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த இடம் அது. இந்தியாவில் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்கியது. அவர் பல ஊர்களில் சேகரித்த கருவிகள் பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அதே ரயிலில் எழும்பூர் போய், அருங்காட்சியகத்துக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடங்கள். கற்கருவிகளைக் காட்டிவிட்டு, வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கும் போங்கள். அங்கே அவசரப்படாதீர்கள், சோழர் கால நடராசர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போக, எதிர்த்திசையில் செங்கல்பட்டு வண்டி ஏறுங்கள். பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன்தான். செவ்வாய்க்கிழமை போய் ஏமாறாதீர்கள், அன்று மூடியிருக்கும். மாமல்லபுரத்துக்கும் தாம்பரத்திலிருந்தே பேருந்து உண்டு.

சிரமமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை பீச் வண்டியில் கைக்குழந்தையோடு ஏற வேண்டாம். ஆபீஸ் கூட்டம் நெருக்கித் தள்ளிவிடும். பத்தரைக்கு மேல் கிளம்புங்கள். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது: முதல் வகுப்புப் பெட்டியும் சாதாரணப் பெட்டி மாதிரியேதான் இருக்கும். வாசலருகே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

சாயங்காலம் திரும்பியதும் அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு வாருங்கள். காய்கறி, பூ, துணி, பாத்திரம் என்று நாங்கள் அன்றாடம் பேரம் பேசி வாங்கும் கடைத்தெரு அது. கோயம்பேட்டையும் தி.நகரையும் மட்டும் பார்த்துவிட்டுச் சென்னை முழுக்க இரைச்சல் என்று ஊரில் போய்ச் சொல்கிறீர்களே, அது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் தெருக்களிலும் இரண்டு நாள் நடந்து பாருங்கள். வழி தெரியாவிட்டால் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்ட இருவரில் ஒருவர் உங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

அன்புடன்,
மேற்குத் தாம்பரத்திலிருந்து உங்கள் சகோதரி