எந்த ஓதத்தில் அள்ளிய தண்ணீர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அடையாற்று முகத்துவாரத்தின் நீர்த்தரம் பற்றிய கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த அட்டவணையைப் பார்த்தேன். இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது. எத்தனை மணிக்கு அள்ளினார்கள், அப்போது ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பது இல்லை. அது தெரியாமல் மற்ற எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பழக்கம் விடவில்லை. போன தைப்பூசத்தன்று உடைந்த பாலத்தருகே (1977-இல் இடிந்ததே, அதேதான்) காலையில் ஓதம் நிறைந்திருந்தபோது ஒரு புட்டி எடுத்தேன். ஆறு மணி நேரம் கழித்து, வற்றியபின், அதே இடத்தில் இன்னொன்று. மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் உள்ள நீரில் காப்பித்தூள் நிறத்தில் படிவு இறங்கும். இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். காலைப் புட்டி நல்ல பழுப்பு. மதியப் புட்டி நீர்மோர் மாதிரி இருந்தது. காலையில் மட்டும் அள்ளியிருந்தால், மீனுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் இந்த ஆறு பாஸ் ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும்!

ஆழமும் முக்கியம். கனமான கடல்நீர் அடியில் நுழைகிறது, சாக்கடைத் தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. வாளியை மேலாக மொண்டால் ஒரு கணக்கு, கீழே இறக்கினால் வேறு கணக்கு.

அப்புறம் மணல்திட்டு. கோடையில் தென்காற்றும் அலையும் கரையோரமாக மணலைத் தள்ளிவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். அதை உடைக்க ஆற்றில் வெள்ளம் ஏது? வருவதெல்லாம் கழிவுநீர். எந்திரம் வைத்து வெட்டுகிறார்கள், மறுபடி மூடிக்கொள்கிறது. ஓதம் உள்ளே வராத அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோதனைக் குழாயே வேண்டாம். துலக்கி வைத்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒரு வாரத்தில் கறுத்துவிடும். நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு செய்கிற வேலை அது. வேலைக்காரம்மா புளி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே வீச்சுவலை போடுகிறவர்கள் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, ஓதம் எப்படி என்று பார்த்துத்தான் மடவை மீனுக்கு இறங்குகிறார்கள். அவர்கள் பார்ப்பதை அதிகாரிகள் எழுதிவைத்தாலே போதும். மணி, ஓதம், ஆழம், வாய் திறந்தா மூடியா: நாலே கட்டம். ஓத நேரம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் போடும் ஓத அட்டவணையில் சென்னை உண்டு. வற்றம் விடிகாலை மூன்று மணிக்கு என்றால், புட்டியோடு மூன்று மணிக்குத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டினப்பாக்கம், சென்னை