ஆறு பேர் கற்க எட்டு மாதக் கூலி: நார்ப்பின்னல் கொட்டகைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரில் பிழைக்கப் போயிருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

சில வருடம் முன்பு ஒரு சித்திரையில் எங்கள் குழுவில் ஒருவர் வீட்டுப் பனைநார்க் கட்டில் நடுவில் அறுந்து தொய்ந்துபோனது. பூவரசுச் சட்டம், கடைந்த கால்கள், மரத்தில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் உழைத்த பிறகு நார் மட்டும் விட்டுவிட்டது. பின்னித் தர ஆள் தேடி உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று சுற்றினோம். "அந்த வேலை எல்லாம் இப்ப யாரு பாக்கா" என்றுதான் போன இடமெல்லாம் பதில். எல்லாரும் நைலான் நாடா போடச் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், ஆள் எங்கள் ஊரிலேயே மூன்று தெரு தள்ளி இருந்தார். வயது 74. சைக்கிளில் கத்தியும் நார்க்கட்டுமாக ஊர் ஊராகப் போய்க் கட்டில் பின்னியவர். சிறு பிள்ளைகளாக இருந்தபோது நாங்கள் "கட்டில் தாத்தா" என்று அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறோம்.

தாத்தா கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பின்னிரலாம். நார் கிழிச்சுத் தர ஒரு ஆள் வேணும். எனக்குக் கண்ணு மங்கிட்டு, இழை ஒரே அகலத்துக்கு வர மாட்டேங்கு" என்றார். அந்த ஒரு ஆளைத் தேடத் தொடங்கியபோதுதான் இந்தக் குழு உருவானது. இன்றுவரை முழுதாக ஒருவர் கிடைக்கவில்லை. இந்த வேண்டுகோளே அதற்காகத்தான்.

முடியாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்பார்கள். பனை மட்டையில் நார் உரிப்பதும் அப்படி ஒன்றும் லேசான காரியம் இல்லை. கட்டிலுக்கு வடலி, அதாவது இளம்பனை, மட்டைதான் நல்லது. முற்றின மட்டையில் நார் முறுகிப் போகும், ரொம்ப இளசாக இருந்தால் காய்ந்ததும் சுருண்டுவிடும். இருபக்கமும் ரம்பம் போல இருக்கும் கருக்கை அரிவாளால் சீவி எடுக்க வேண்டும். மட்டையை நெடுக்குவாட்டில் பிளந்து, மேல்தோலான புறணியை ஒரு தரமாகவும் அதற்கு உள்ளே இருக்கும் அகணியை இன்னொரு தரமாகவும் உரித்தெடுக்க வேண்டும். உரித்ததைக் காயவைத்துக் கட்டி வைத்துக்கொண்டால், பின்னுகிற அன்றைக்கு முதல் நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும். ஈரத்தோடு இழுத்துப் பின்னிய நார் காயக் காய இறுகும். இழையின் அகலம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் காய்கிறபோது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கட்டில் கோணிவிடும். அதனால்தான் தாத்தா பின்னுவதை விடக் கிழிப்பதைப் பெரிய வேலை என்கிறார். நாங்களும் முதலில் நம்பவில்லை. கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு நம்பினோம்.

பனை நாரில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரம்பு மாதிரி நீளமாக வராது. மட்டை நீளம்தான் நாரின் நீளம், நாலடி கிடைத்தால் அதிகம். ஒரு கட்டிலுக்குள் எத்தனையோ நூறு முடிச்சு விழும். அந்த முடிச்சு அத்தனையும் அடிப்பக்கம் போய்விட வேண்டும், படுக்கிறவர் முதுகில் ஒன்றுகூட உறுத்தக் கூடாது. எங்கே முடிந்தால் கீழே போகும் என்பதை இழையைப் போடும்போதே கணக்குப் பண்ணுகிறார் தாத்தா. கேட்டால், கை சொல்லும் என்கிறார்.

எங்கள் குழுவுக்கு இரண்டாவது ஆசிரியரும் கிடைத்திருக்கிறார். ஊரில் அவருக்குப் பிரம்பு அண்ணாச்சி என்று பெயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரம்பு நாற்காலி பின்னக் கற்றுத் தருவது நம் பக்கத்துப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். அப்படி ஒரு பள்ளியில் கற்றவர் அவர். அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் பிரம்பு நாற்காலி இருந்த காலத்தில் அவருக்கு ஓயாமல் வேலை இருந்தது. பஞ்சு வைத்த சுழல் நாற்காலி வந்தது, வேலை போனது. பதினைந்து வருடமாக அவர் ஒரு நாற்காலியும் பின்னவில்லை.

அவரை மறுபடி உட்காரவைத்து நாங்கள் பார்த்தது மறக்க முடியாதது. அவர் பின்னுவது எண்கோணக் கண் விழும் பழைய பின்னல். சட்டத்தில் துளை போட்டு, முதலில் முன்னும் பின்னுமாக ஒரு வரிசை, அதன் மேல் குறுக்கே ஒன்று, மறுபடி முதல் வாட்டத்திலேயே ஒன்று. நாலாவது வரிசை மேலும் கீழுமாக நுழைந்து வரும். ஐந்தும் ஆறும் மூலைவாட்டம். கடைசியாக ஓரம் கட்டித் துளைகளை மூட வேண்டும். சாதாரண நாற்காலி ஒன்றின் இருக்கைக்கே ஏறக்குறைய 80 மீட்டர் பிரம்பு இழை போகும். மூலைவாட்டு இழை சரியான சந்தில் நுழையாவிட்டால் பக்கத்து இழையை அரித்து அறுத்துவிடும். அது தப்பாகப் போயிருந்தால் விரல் நுனியை ஒரு தடவை ஓடவிட்டே சொல்லிவிடுகிறார். கண் உள்ள எங்களுக்கு விளக்கைப் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்ததில் ஒரு யோசனை பிறந்தது. பிரம்பு வெளியிலிருந்து வர வேண்டிய பொருள். உலகத்துக்கே அதிகமாகப் பிரம்பு தரும் இந்தோனேசியா 2012 முதல் பதப்படுத்தாத பிரம்பை ஏற்றுமதி செய்வதில்லை. நம் தேரிச் செம்மணல் காட்டிலோ வடலி நின்றுகொண்டே இருக்கிறது. அண்ணாச்சியின் பின்னலைத் தாத்தாவின் நாரில் போட்டால் என்ன? இதுவரை ஐந்து நாற்காலி முயன்றிருக்கிறோம். முதல் இரண்டில் முடிச்சு உறுத்தியது, பிரித்துவிட்டோம். மூன்றாவதிலிருந்து அகணியை மெல்லிசாகக் கிழித்து, முடிச்சை அடியில் இறக்கியதும் சரியாக வந்தது. அந்த மூன்று நாற்காலியும் இப்போது ஊர் நூலகத் திண்ணையில் இருக்கின்றன. ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பாருங்கள்.

சரி, பணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு பத்து நாள் பயிற்சி ஒன்று நடத்தினோம். மதியச் சாப்பாடு, முடிவில் சான்றிதழ், புகைப்படம். 14 பேர் வந்தார்கள். இன்று அந்த 14 பேரில் ஒருவரும் பின்னுவதில்லை. அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டோம். பத்து நாளில் கருக்குக் குத்தி விரல் காய்த்திருக்கும், அவ்வளவுதான். இழை ஒரே அகலத்துக்கு வரவே மூன்று மாதம் ஆகும் என்று தாத்தா அப்போதே சொன்னார். மூன்று மாதம் கூலி இல்லாமல் யார் வீட்டில் அடுப்பு எரியும்? அந்த நேரத்தில் கட்டட வேலைக்குப் போனால் அன்றன்றைக்குக் காசு. கற்கிற காலத்துக்குக் கூலி கொடுக்காத வரைக்கும் இந்த வேலைக்கு அடுத்த கை வராது. அந்தப் பயிற்சிக்குச் செலவழித்ததில் எங்களுக்கு மிஞ்சிய பாடம் இது ஒன்றுதான்.

அதனால் இந்த முறை எட்டு மாதம் நடத்துகிறோம். ஆறு பேர் கற்கிறார்கள், நாலு பெண்கள், இரண்டு ஆண்கள். இரண்டு ஆண்களில் ஒருவர் பார்வையற்ற இளைஞர். மாதம் 20 நாள், காலை ஏழு மணி முதல் மதியம் வரை. மதியத்துக்கு மேல் அவரவர் வேறு வேலைக்குப் போகலாம். கற்பவருக்கு நாளுக்கு 350 ரூபாய், கற்றுத் தரும் இருவருக்கும் நாளுக்கு 700 ரூபாய். கணக்குப் போட்டால் கற்பவர் கூலி 3,36,000, ஆசிரியர் கூலி 2,24,000. நார், சட்டம், கத்தி, பிரம்பு வாங்க 90,000. பழைய கருப்பட்டிக் கொட்டகையைச் செப்பனிட்டு நார் ஊறவைக்கத் தொட்டி கட்ட 1,10,000. ஆக மொத்தம் 7,60,000 ரூபாய். ஊருக்குள் வீடு வீடாகப் போனதில் 1,85,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 5,75,000 வேண்டும்.

ஒருவர் ஒரு மாதம் கற்க 7,000 ரூபாய். எட்டு மாதமும் ஒரே ஆளின் கூலியை ஏற்றுக்கொள்ள 56,000. 350 ரூபாய் அனுப்பினாலும் அது ஒருவரின் ஒரு நாள் கூலி, அந்தத் தேதிக்கு நேராகவே உங்கள் பெயரை எழுதுவோம்.

கூச்சத்தை விட்டு ஒன்று சொல்கிறோம். கொட்டகைக்கும் தொட்டிக்கும் பணம் தர ஆள் இருக்கிறார்கள், இரண்டு பேர் கல்வெட்டு வைப்பீர்களா என்றும் கேட்டார்கள். அவர்கள் மனசும் நல்ல மனசுதான். ஆனால் எங்களுக்குப் பெரிய பாரம் கூலிதான், அதற்குத்தான் கை நீட்டுகிறோம். கட்டடம் என்று குறிப்பிட்டுத் தந்தால் கட்டடத்துக்கே செலவழிப்போம். எதற்கென்று சொல்லாமல் தரும் பணம் முழுவதும் கூலிக்குப் போகும்.

இவ்வளவு செலவழித்துக் கற்றால் வேலை இருக்குமா என்று மும்பையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. இப்போதைக்கு 11 கட்டிலுக்கும் 23 நாற்காலிக்கும் ஆர்டர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பழசைப் புதுப்பிக்கும் வேலை. வயசானவர்கள் நார்க்கட்டிலைத்தான் கேட்கிறார்கள். கோடையில் அடியிலிருந்தும் காற்று வரும், மெத்தை போல வேர்த்து ஒட்டாது. நைலான் நாடா வெயிலில் கிடந்தால் சில வருடத்தில் நொறுங்கிவிடும். ஆறு பேருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. வருகிற வேலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் நிச்சயம்.

பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் பதநீர் இறக்க ஆள் இல்லை, ஓலைக்கும் மட்டைக்கும் விலை இல்லை என்றால், எத்தனை நாளைக்குத் தோட்டக்காரர் அதை வைத்துப் பார்ப்பார்? மட்டைக்குக் காசு கொடுத்துத்தான் வாங்குவது என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். சும்மா தருகிறேன் என்றாலும் கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம்.

கணக்கு விஷயம். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும், எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். வந்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. மாதாமாதம் வரவு செலவை நூலகப் பலகையில் ஒட்டுவோம், வெளியூரில் இருப்பவர்களுக்குப் புகைப்படம் எடுத்து அனுப்புவோம். 80ஜி வரிவிலக்கு எங்களுக்கு இன்னும் இல்லை, அதை எதிர்பார்த்து யாரும் தர வேண்டாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் பணம் பெற எங்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் மனம் வருந்த வேண்டாம். ஊருக்கு வரும்போது கொட்டகைக்கு வந்து பாருங்கள், அதுவே எங்களுக்குப் போதும். கணக்கு விவரம் உங்கள் தெருவுக்கான குழு உறுப்பினரிடம் இருக்கிறது. அவரிடம் நேரில் கேட்டு வாங்குங்கள், வேறு யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தை, மாசியில் பனையைக் கழித்துச் சீவும்போதுதான் மட்டை நிறையக் கிடைக்கும். அதற்குள் தொட்டி தயாராக வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் பணம் வந்தால் தை முதல் திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிவிடும். முழுத் தொகை சேராவிட்டால் ஆறு பேருக்குப் பதில் நாலு பேரோடு தொடங்குவோம். எட்டு மாதத்தை மட்டும் குறைக்க மாட்டோம்.

பணமாகத் தர முடியாதவர்கள் பரணிலும் மாட்டுத் தொழுவிலும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். நார் அறுந்த கட்டில், கண் கிழிந்த பிரம்பு நாற்காலி, கால் ஒடிந்த முக்காலி எது கிடந்தாலும் சரி. கற்பவர்களுக்குக் கை பழகச் சட்டம் நிறைய வேண்டும். சொல்லி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறோம். திருப்பி வேண்டும் என்றால் சட்டத்தின் அடியில் வீட்டுப் பெயரை எழுதி வையுங்கள், பின்னிக் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
நார்ப்பின்னல் கொட்டகைக் குழுவினர்