அந்தக் கைதட்டலுக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட சென்னையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குப் படத்தொகுப்பு சொல்லித் தருகிறேன். கௌரவ விரிவுரையாளன், மதிப்பெண் விஷயத்தில் என் பேச்சு எடுபடாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடந்த பருவத்தில் எங்கள் மாணவர்கள் 5 நிமிடக் குறும்படங்கள் எடுத்தார்கள். ஒரு குழு வடபழனிப் பக்கம் போய் நல்ல கேமராவும் ட்ரோனும் வாடகைக்கு எடுத்து வந்தது. இன்னொரு குழுவிடம் இருந்தவை இரண்டு கைபேசிகள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படமாக்கினார்கள். கடற்காற்று, படகு இன்ஜின், ஏலம் கூவுகிறவரின் குரல் மூன்றும் சேர்ந்தால் கைபேசியில் பதிவாவது வெறும் இரைச்சல். ஒலிப்பதிவைப் பொறுப்பேற்ற மாணவி, இரண்டாவது கைபேசியைக் கைக்குட்டையில் சுற்றி ஏலக்காரரின் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் நின்று ஒருமுறை கைதட்டினாள். கைகள் சேரும் பிம்பத்தையும் அந்த ஓசையையும் பொருத்தினால் படமும் ஒலியும் ஒன்றாகிவிடும். கிளாப் பலகையின் வேலை அதுதானே. நீளமான ஷாட் என்றால் தனித்தனிக் கைபேசிகளில் பதிவான உதட்டசைவும் குரலும் மெல்ல விலகுவது உண்டு. அதையும் யோசித்து, ஷாட் முடியும்போதும் ஒருமுறை தட்டியிருந்தாள்.

முடிந்த படத்தில் அந்தக் கைதட்டல்கள் இல்லை, இருக்கவும் கூடாது. ஒலிப்பதிவும் தொகுப்பும் ஒழுங்காக நடந்தால் கண்ணில் படாத வேலைகள். வெளியிலிருந்து வந்த தேர்வாளரோ முடிந்த படத்தை மட்டும்தான் பார்த்தார். ட்ரோன் படத்துக்கு 88. ஏலப் படத்துக்கு 61, 'காட்சி மங்கல்' என்ற குறிப்போடு. "வட சென்னை என்கிறீர்கள், ஒரு சண்டைகூட இல்லையே" என்று சிரித்துக்கொண்டே வேறு கேட்டார். அதற்கும் மதிப்பெண் குறைந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். குழுவில் 5 பேருக்கும் அதே 61. படப்பிடிப்புக்கே வராத ஒருவனுக்கும் சேர்த்து.

மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடட்டும் என்று முன்பு ஒருமுறை விட்டுப் பார்த்தேன். எல்லோரும் எல்லோருக்கும் 10-க்கு 10 போட்டார்கள், அந்த வாரம் பிரிந்திருந்த ஒரு ஜோடியைத் தவிர.

என் யோசனை இது: முடிந்த படத்துக்கு 100-க்கு 40 போதும். மீதியை ஆளுக்கு ஆள் தனியாகப் போடலாம். திரைக்கதையின் திருத்தப் படிகள், வெட்டாத மூலக் காட்சிகள், அவரவர் வேலையை எழுதிவைத்த குறிப்பேடு எல்லாம் மேசைக்கு வரட்டும். பிறகு கணினி முன் மாணவரை உட்காரவைத்து, 'இந்த இடத்தில் ஏன் வெட்டினாய்?' என்று 10 நிமிடம் கேட்டால், யார் உழைத்தார், யார் டீ வாங்கி வந்தார் என்பது தெரிந்துவிடும். (டீ வாங்குவதும் வேலைதான், தயாரிப்பு நிர்வாகம் என்று எழுதிக்கொள்ளட்டும்.) கருவியில் பாகுபாடு வேண்டாம்: கல்லூரிக் கேமராவை முறைவைத்துக் கொடுங்கள், முடியாவிட்டால் எல்லோருக்கும் கைபேசி. இவை அனைத்தும் பருவத்தின் முதல் நாளே மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேரம் பிடிக்கும் என்பார்கள். 40 பேருக்குத் தலா 10 நிமிடம் என்றால் 400 நிமிடம், ஒரு வேலை நாள்.

அந்த மாணவி இந்தப் பருவத்தில் ட்ரோன் வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.